கடனும் சீட்டும் மொய்யும் உள்ள வீட்டுக்கு க்னூகேஷ்

எங்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் ஒரு வீட்டின் பணத்தை 'வந்தது', 'போனது' என்று இரண்டு பத்தியில் எழுதி முடிக்க முடியாது. ஐம்பது நாளைக்கு ஒருமுறை தேங்காய் வெட்டு. கூட்டுறவு வங்கியில் நகை. மாதம் பிறந்தால் ஏலச்சீட்டு. ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்துப் பத்திரிகைகள் வீட்டு வாசலில் வரிசையாக வந்து நிற்கும். இதற்கு நடுவில்தான் பால் கணக்கு, மளிகை, ஈ.பி., பள்ளிக் கட்டணம் எல்லாம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக்காரர் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வீட்டுக் கணக்கை இப்போது க்னூகேஷ் (GnuCash) என்ற கணினி மென்பொருளில்தான் வைத்திருக்கிறேன். வீட்டுக் கணக்குக்கு எதை வைத்துக்கொள்ளலாம் என்று சக ஆசிரியைகள் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன். திறந்து பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி இருக்கே" என்று பின்வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை விவரம். க்னூகேஷ் முழுக்க இலவசம், கட்டற்ற மென்பொருள். 1998இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது ஓடுவது ஐந்தாம் பதிப்பு வரிசை, அது 2023இல் தொடங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய மடிக்கணினியே போதும். விளம்பரம் இல்லை, மாதச் சந்தா இல்லை, அலைபேசி எண் கேட்காது, உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்காது. கணக்கு முழுவதும் உங்கள் கணினியில் ஒரே கோப்பாக இருக்கும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிக முக்கியம். அமெரிக்காவில் மிகப் பலர் பயன்படுத்திவந்த மின்ட் என்ற வீட்டுக் கணக்குச் சேவையை அதன் நிறுவனமே 2024 மார்ச்சில் மூடியது. இன்னொருவர் கடையில் நம் பேரேட்டை வைத்தால், அவர் கடையைச் சாத்தும் நாளில் நாம் மூட்டை கட்ட வேண்டியதுதான். நம் கணினியில் இருக்கும் கோப்புக்கு அந்த நிலை இல்லை.

இது இரட்டைப்பதிவு முறையில் இயங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் மிரள்வது இந்த இடத்தில்தான், நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணமும் இதுதான். அலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் செலவுக் கணக்குச் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே கேள்விகள்தான் தெரியும்: எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது. நகையை வைத்து ஒரு லட்சம் வாங்கிவந்தால் அதை வரவு என்று எழுதச் சொல்லும். அந்த மாதம் வீடு செழிப்பாக இருப்பதாக வட்டப்படம் போட்டுக் காட்டும். அடுத்த வருடம் நகையை மீட்டால், அந்த மாதம் தாறுமாறாகச் செலவு செய்ததாகச் சிவப்பில் காட்டும். இரண்டும் பொய். கடன் வரவும் ஆகாது, கடனை அடைப்பது செலவும் ஆகாது. இரட்டைப்பதிவில் இந்தப் பொய்க்கு இடமே கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கத்தையும் சொன்னால்தான் பதிவு நிறைவடையும். ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் 'இம்பேலன்ஸ்' என்று ஒரு தனிக் கணக்கைத் தானே திறந்து, தொகையை அதில் போட்டு வைக்கும். அந்தக் கணக்கில் இருப்பு இருக்கிறதென்றால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டு நகைக்கடனை வைத்தே சொல்கிறேன். அசல் 1,20,000, வட்டி வருடத்துக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். க்னூகேஷில் பொறுப்புகள், அதாவது நாம் கொடுக்க வேண்டிய கடன்கள், என்ற தலைப்பின் கீழ் 'நகைக்கடன்' என்று ஒரு கணக்கு. கடன் வாங்கிய அன்று வங்கிக் கணக்கில் 1,20,000 ஏறுகிறது, நகைக்கடனிலும் 1,20,000 ஏறுகிறது. வீட்டின் நிகர மதிப்பில், அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்தால் நிற்பதில், ஒரு ரூபாய் மாற்றம் கிடையாது. வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கிறோம் அல்லவா, அப்போது கட்டும் 10,800 ரூபாய் 'வட்டிச் செலவு' என்ற கணக்குக்குப் போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. இப்படி நான்கு வருடம் திருப்பி வைத்தால் 43,200 ரூபாய் போயிருக்கும், கடன் அதே 1,20,000. வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வரும்போது இது யாருக்கும் உறைப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கட்டுவது ஒரு வருடத் தொகைதான். நான்கு வருட அறிக்கையை ஒரே பக்கத்தில் எடுத்துப் பார்க்கும்போது உறைக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அடுத்த வெட்டுக் காசுல வளையல மீட்டுருவோம்மா" என்றார். நான் வாயால் சொல்லியிருந்தால் அது ஒரு வாக்குவாதமாகியிருக்கும்.

சீட்டு இன்னும் நல்ல உதாரணம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது பேர், இருபது மாதம், மாதம் 5,000. ஒரு மாதம் ஏலத்தில் ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி (விட்டுக்கொடுத்து) 80,000க்குச் சீட்டை எடுக்கிறார். நடத்துகிறவரின் தரகு 5 சதவீதம் என்றால் 5,000. மீதி 15,000ஐ இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 750 கழிவு. நாம் கட்ட வேண்டியது 4,250. இதைச் செயலியில் '4,250 செலவு' என்று எழுதினால் சீட்டின் உயிரே போய்விட்டது. க்னூகேஷில் ஒரே பதிவை மூன்று வரியாகப் பிரிக்கலாம், அதற்கு ஸ்பிளிட் என்று பெயர். சொத்துகளின் கீழ் உள்ள 'சீட்டு' கணக்கில் 5,000 ஏறுகிறது. வருமானத்தின் கீழ் 'சீட்டுக் கழிவு' 750. வங்கியிலிருந்து 4,250 இறங்குகிறது.

எட்டுத் தவணை கட்டியபின் அதே 80,000க்கு நாம் சீட்டை எடுக்கிறோம் என்று வையுங்கள். அதுவரை சீட்டுக் கணக்கில் 40,000 இருப்பு. எடுத்த அன்று வங்கியில் 80,000 ஏறும், 'சீட்டுத் தள்ளு' என்ற செலவில் 20,000, சீட்டுக் கணக்கிலிருந்து முழு ஒரு லட்சமும் கழியும். இப்போது சீட்டுக் கணக்கு மைனஸ் 60,000 என்று சிவப்பில் நிற்கும். இன்னும் பன்னிரண்டு தவணை பாக்கி, 12 பெருக்கல் 5,000. எடுக்கும்வரை சேமிப்பாக இருந்தது எடுத்த நொடியில் கடனாக மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவியை வீட்டு உபயோகத்துக்கு நான் வேறு பார்க்கவில்லை. இருபதாவது மாதம் அந்தக் கணக்கு சரியாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வந்த பிறகு, கிடைத்த கழிவு மொத்தம் எவ்வளவு, தள்ளு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த சீட்டில் எத்தனையாவது மாதம் எடுப்பது என்று தானாகவே பிடிபடும்.

மொய்க்கு வருகிறேன். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு மொய் என்பது கல்யாண வீட்டில் வைக்கும் அன்பளிப்பு. எங்கள் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், ஆலங்குடி வரைக்கும், மொய் விருந்து ஒரு வட்டியில்லாக் கடன் ஏற்பாடு. செய்தவருக்குத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும், கூடுதலாக ஒரு தொகையும் புதிதாகச் செய்ய வேண்டும். பல குடும்பங்களில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முறை வரும். விருந்தன்று கணினியில் மொய் எழுதி ரசீது கொடுக்கும் அளவுக்கு இது நேர்த்தியாக நடக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு அந்த ஒருநாள் கணக்கு. மறுநாள் காலை கையில் எட்டு லட்சம் இருக்கும்போது, அதில் நம் பழைய மொய் திரும்பி வந்தது எவ்வளவு, புதிதாகத் தலையில் ஏறிய கடன் எவ்வளவு என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? எட்டு லட்சத்தையும் வரவாக நினைத்து வீட்டுக்கு மேல்தளம் போட்டுவிட்டு, அடுத்த நான்கு ஆடிக்கும் திணறுகிற குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன. அவர்கள்மேல் குறை இல்லை. கணக்கு எழுதும் முறை அப்படி.

நான் இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறேன். சொத்தின் கீழ் 'மொய் - வர வேண்டியது', பொறுப்பின் கீழ் 'மொய் - செய்ய வேண்டியது'. ஒருவர் விருந்தில் நான் புதிதாக 5,000 செய்தால் முதல் கணக்கில் ஏறும். அவர் நம் விருந்தில் 7,000 செய்தால் 5,000 அந்தக் கணக்கை நேர்செய்யும், 2,000 இரண்டாவது கணக்கில் ஏறும். பந்தல், கிடா, சமையல்காரர், பத்திரிகை எல்லாம் செலவு. ஆளுக்கு ஒரு கணக்கு திறக்காதீர்கள், நூற்றுக்கணக்கில் போய்விடும். ஊருக்கு ஒரு துணைக்கணக்கு வைத்து, விவரத்தில் ஆள் பெயரை எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம், யூனிகோடு தடையில்லாமல் வேலை செய்கிறது. விருந்துக்குக் கிளம்பும் முன் கன்ட்ரோல்-எஃப் அழுத்திப் பெயரைத் தேடினால் பழைய மொய் வந்து நிற்கும். இதனால் மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது அத்தையின் (என் மாமியாரின்) பொறுப்பில் பீரோவில் இருக்கிறது, இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று விருந்து மாதம் முடிந்ததும் நானும் அவர்களும் உட்கார்ந்து பார்க்கிறோம். எனக்குத் தெரியாத உறவுமுறையெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பாடம்.

இனி, எப்படித் தொடங்குவது.

முதல்முறை திறந்ததும் கணக்குகளை அமைத்துத் தர ஒரு வழிகாட்டி வரும். நாணயத்தில் இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த பக்கத்தில் என்னென்ன கணக்குகள் வேண்டும் என்று பட்டியல் காட்டும். பொதுவான கணக்குகள் என்ற ஒன்றை மட்டும் டிக் செய்தால் போதும், கார் கடன், முதலீடு என்று எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டால் மேற்கத்திய வீட்டுக்கான தலைப்புகள் திரை முழுக்க வந்து நிற்கும். வந்த தலைப்புகளை உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என் செலவுத் தலைப்புகள் இவைதான்: மளிகை, பால், காய்கறி மீன், கேஸ், ஈ.பி., பள்ளி, மருந்து, பெட்ரோல், விசேஷம், வட்டி, இதரம். அரிசியை மளிகையில் வைப்பதா தனியாக வைப்பதா என்று முதல் நாளே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். கணக்குகளைப் பின்னால் பிரிக்கலாம், சேர்க்கலாம், இடம் மாற்றலாம்.

ஏப்ரல் முதல் தேதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கு மணிபர்ஸில் எவ்வளவு, பாஸ்புக்கில் எவ்வளவு, கடன் எவ்வளவு, சீட்டில் எத்தனை தவணை கட்டியாயிற்று என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கணக்கையும் திறக்கும்போது ஓப்பனிங் பேலன்ஸ் என்ற இடத்தில் அந்தத் தொகையைக் கொடுத்தால் போதும். போன வருடக் கணக்கை முதலிலிருந்து ஏற்றிவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்காருகிறவர்கள் அதோடு சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். பழையது பழையதாகவே இருக்கட்டும்.

பதிவேட்டில் கைவேகம் வருவதற்குச் சில சாவிகள் உண்டு. தேதிப் பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தினால் அடுத்த நாள், கழித்தல் குறிக்கு முந்தைய நாள், டி எழுத்துக்கு இன்றைய தேதி. தொகைப் பெட்டியிலேயே பெருக்கலாம். மூன்று லிட்டர் என்றால் விலை, நட்சத்திரக் குறி, 3 என்று அடித்தால் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒருமுறை 'பால்காரர்' என்று எழுதியிருந்தால் அடுத்தமுறை முதல் எழுத்துகளிலேயே மீதியை, எந்தக் கணக்கு என்பது உட்பட, நிரப்பிக் கொடுக்கும். ஈ.பி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சீட்டு மாதாமாதம் என்று காலமுறைப் பதிவுகளை முன்கூட்டியே அமைத்துவிடலாம். நாள் வந்ததும் கோப்பைத் திறக்கும்போதே நினைவூட்டிப் பதிவும் செய்யும்.

பத்திகளின் தலைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணமாக இது ரொக்கக் கணக்குக்குப் பெற்றது, செலவிட்டது என்றும் வங்கிக்குப் போட்டது, எடுத்தது என்றும் பேச்சுவழக்கான ஆங்கிலத்தில் காட்டும். அமைப்பில் போய் மாற்றினால் எல்லா இடத்திலும் பற்று, வரவு என்ற முறையான தலைப்புகள் வரும். நான் மாற்றி வைத்திருக்கிறேன், எனக்கு அதுதான் கைக்குப் பழகியது. கணக்குப்பதிவியல் படிக்காதவர்கள் மாற்றாமல் விடுவதே நல்லது.

சம்பளத்தை எழுதுவதில் ஒரு பழக்கம் செய்துகொள்ளுங்கள். கையில் வரும் தொகையை மட்டும் எழுதாமல் மொத்தச் சம்பளத்தை வருமானத்தில் எழுதி, பிடித்தங்களை ஒவ்வொரு வரியாகப் பிரியுங்கள். என் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்காகப் பிடிக்கிற தொகை சொத்துக்குப் போகிறது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் செலவுக்குப் போகிறது. ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக் கடன் தவணையில் அசல் பங்கு பொறுப்பைக் குறைக்கிறது, வட்டிப் பங்கு செலவுக்குப் போகிறது. முதல் மாதம் கால் மணி நேரம் ஆகும். அடுத்த மாதம் அதே பதிவை நகல் எடுத்துத் தேதியை மாற்றினால் முடிந்தது.

வீட்டுச் செலவுக்கு அத்தையிடம் கொடுக்கும் பணத்தை எப்படி எழுதுவது என்று கேட்கிறவர்கள் நிறைய. கணக்கு இலக்கணப்படி, அவர்கள் செலவழிக்கும் வரை அது 'அத்தை கை ரொக்கம்' என்ற சொத்து. நான் அப்படி எழுதுவதில்லை. கொடுத்த அன்றே 'வீட்டுச் செலவு - அத்தை' என்று செலவில் எழுதிவிடுகிறேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெரியவரை உட்கார வைத்துக் கீரைக்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தத் தொகை வீட்டுக் கணக்கில் சிறிய பங்குதான். மருமகள் கணினியில் கணக்கு எழுதுகிறாள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் சங்கடமாகிவிடக் கூடாது.

தோப்பை வீட்டோடு கலக்காதீர்கள், இது விவசாயக் குடும்பங்களுக்கு. வருமானத்திலும் செலவிலும் 'தோப்பு' என்று தனித் தாய்க்கணக்கு திறந்து, அதன்கீழ் வெட்டுக்கூலி, உரம், தண்ணீர், உழவு என்று பிரியுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பகுதித் தென்னைகள் விழுந்த பிறகு வைத்த கன்றுகள் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆயின. அந்த வருடங்களில் வீட்டுச் சம்பளம் தோப்புக்குள் போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு போனது என்று கணக்கு வைத்திருந்த குடும்பங்களால்தான் அடுத்து என்ன செய்வது என்று நிதானமாக யோசிக்க முடிந்தது. இப்போது எங்கள் தோப்புக்கு மட்டும் தனி அறிக்கை எடுக்கிறேன். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் காய் விலை எப்படி மாறியது, கூலி எவ்வளவு ஏறியது என்று வீட்டுக்காரர் அதை வைத்துத்தான் வியாபாரியிடம் பேசுகிறார்.

இனி குறைகள். பட்ஜெட் என்று ஒரு பகுதி இதில் இருக்கிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் மாத வாரியாகத் தொகை கொடுத்து, நடந்ததோடு ஒப்பிடலாம். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது போதும். வருமானம் ஐம்பது நாளைக்கு ஒருமுறை வரும் வீட்டுக்கு அது ஒட்டவில்லை, திரையும் கொஞ்சம் கரடுமுரடுதான். நான் அதை விட்டுவிட்டு வேறு வழியில் செய்கிறேன். வங்கிக் கணக்கின் கீழேயே துணைக்கணக்குகள்: 'தீபாவளி ஒதுக்கு', 'ஜூன் பள்ளிக் கட்டணம்', 'ஆடி மொய்', 'இன்சூரன்ஸ்'. வெட்டுக் காசு வங்கிக்கு வந்ததும் அதிலிருந்து இந்தத் துணைக்கணக்குகளுக்கு மாற்றி எழுதிவிடுவேன். வங்கியில் பணம் நகர்வதில்லை, கணக்கில் மட்டும் தனித்தனியாக நிற்கிறது. மேலே வங்கியின் மொத்த இருப்பு சரியாகவே இருக்கும். பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்கும்போது துணைக்கணக்குகளையும் சேர்த்துக்கொள் என்ற இடத்தில் டிக் செய்ய மறக்காதீர்கள். ஆடியில் பத்திரிகை வந்து குவியும்போது 'ஆடி மொய்' கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்துத்தான் யாருக்கு எவ்வளவு புது மொய் என்று முடிவு செய்கிறோம். என்னைக் கேட்டால் வீட்டு பட்ஜெட் என்பது இதுதான்.

ஒத்துப் பார்ப்பது பற்றிச் சொன்னேன், அதை விட்டுவிட வேண்டாம். பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் அலுத்துக்கொண்டு படிக்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியல்தான் அது. பாஸ்புக்கின் கடைசி இருப்பையும் தேதியையும் கொடுத்து ஒவ்வொரு பதிவாக டிக் செய்துகொண்டே வர, வித்தியாசம் பூஜ்யம் ஆக வேண்டும். ஏ.டி.எம். அட்டைக்குப் பிடித்த கட்டணம், எப்போதோ தொடங்கி மறந்துபோன மாதப் பிடித்தம் எல்லாம் இங்கே மாட்டும்.

அலைபேசிக்கு இந்தக் குழுவே தரும் செயலி கிடையாது. டீக்கடையில் நின்றபடி பதிவு செய்ய வேண்டும் என்பவர்களுக்கு இது பெரிய குறை. எனக்கு இல்லை. பெரும்பாலான செலவு யு.பி.ஐ.யில் போவதால் வங்கிப் பட்டியலில் எல்லாம் இருக்கிறது, ரொக்கச் செலவை ஒரு துண்டுத் தாளில் குறித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏற்றிவிடுகிறேன். நம் ஊர் வங்கிக் கணக்கோடு இதை நேரடியாக இணைத்துத் தானாகப் பதிவு செய்யவும் வழியில்லை. வங்கி இணையதளத்தில் பட்டியலை எக்செலாக இறக்கி, சி.எஸ்.வி. என்ற எளிய கோப்பு வடிவத்தில் சேமித்து உள்ளே கொண்டுவரலாம். மேலே வங்கியின் பெயர், முகவரி என்று வரும் வரிகளைத் தவிர்க்கச் சொல்ல இடம் இருக்கிறது. எந்தப் பத்தி தேதி, எந்தப் பத்தி தொகை என்று ஒருமுறை காட்டி அந்த அமைப்பைச் சேமித்துக்கொள்ளலாம். எந்தக் கடைக்குப் போனது எந்தச் செலவு என்பதை நீங்கள் சொல்லச் சொல்ல அது கற்றுக்கொள்ளும். பி.டி.எஃப். பட்டியலை மட்டும் அதனால் படிக்க முடியாது.

கோப்புக்குக் கடவுச்சொல் போடும் வசதியும் இல்லை. கணினியைத் திறக்கத் தெரிந்த யாரும் கணக்கைத் திறக்கலாம். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் மடிக்கணினி என்றால் உங்களுக்குத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கிக்கொள்ளுங்கள். சேமிக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் போட்ட காப்புக் கோப்புகள் அதே அடைவில் (ஃபோல்டரில்) குவியும், பார்த்துப் பயப்பட வேண்டாம், அழிக்கவும் அவசரப்பட வேண்டாம். கணக்குக்கென்று ஒரு தனி அடைவு வைத்துக்கொண்டால் மற்ற கோப்புகளோடு கலக்காது.

என் மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் கடைசிப் பாடமாக டேலி என்ற வணிகக் கணக்கு மென்பொருளைப் படிக்கிறார்கள். கடைக்கும் கம்பெனிக்கும் அது சரி. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, அதற்குக் காசும் கொடுக்க வேண்டும். இரட்டைப்பதிவே வேண்டாம், செலவுத் தலைப்புகள் மட்டும் போதும், எளிதாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஹோம்பேங்க் என்று இன்னொரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அழகாகவும் இருக்கிறது, வரைபடங்கள் நன்றாக இருக்கும். கடன், சீட்டு, மொய் எதுவும் இல்லாத, சம்பளமும் வாடகையும் மளிகையும் மட்டும் உள்ள சின்னக் குடும்பம் என்றால் அதைத்தான் நானும் சொல்வேன். புதிதாகக் கல்யாணமாகிச் சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு அதைத்தான் நிறுவிக் கொடுத்தேன்.

க்னூகேஷ் வேண்டும் என்று முடிவு செய்தால் அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள், வேறு இடங்களில் கிடைப்பதைத் தொடாதீர்கள். முதல் ஒரு மாதம் ரொக்கம், வங்கி, ஒரு கடன் என்று மூன்று கணக்குகளை மட்டும் நடத்துங்கள். சீட்டை இரண்டாம் மாதம் சேருங்கள். மொய்யை எடுத்ததும் தொடாதீர்கள், அதற்குக் கை பழகியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பை எடுத்து வீட்டில் இன்னொருவரோடு உட்கார்ந்து பாருங்கள். வருமானம் செலவு அறிக்கையைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் கடன் எவ்வளவு என்பது இதில்தான் இருக்கிறது. கோப்பின் ஒரு நகல் பென் டிரைவில் பீரோவில் இருக்கட்டும், அதை எப்படித் திறப்பது என்று வீட்டுக்காரருக்கோ வீட்டம்மாவுக்கோ ஒருமுறை செய்துகாட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் தெரியும். காலாண்டு விடுமுறையில் பால் கணக்கை அவள்தான் ஏற்றினாள்.